கையேட்டில் 16 ஜிபி, பெட்டிக்குள் 32: வரம்பு தாண்டி ரேம் போட்டால் வரும் சிக்கல்களும் தீர்வும்

என் மேசையில் இருக்கும் டெல் ஆப்டிபிளெக்ஸ் 990 கணினிப் பெட்டியின் கையேட்டில் அதிகபட்ச நினைவகம் 16 ஜிபி என்று போட்டிருக்கிறது. அதில் 32 ஜிபி ஓடிக்கொண்டிருக்கிறது, நாலு ஸ்லாட்டிலும் தலா 8. 2011-ல் அந்த மாடல் வந்தபோது கையேட்டில் 1, 2, 4 ஜிபி ரேம்களை மட்டும்தான் கணக்கில் எடுத்தார்கள், ஸ்லாட் நாலு, நாலு நாலு பதினாறு, அந்த எண் அங்கிருந்து வந்தது. உள்ளே இருக்கும் ஐ5-2400 பிராசஸருக்கு இன்டெல் கொடுத்திருக்கும் வரம்பு 32 ஜிபி. கையேடு அச்சானதோடு நின்றுவிட்டது, ரேம் சிப்கள் அதற்குப் பிறகும் வளர்ந்தன.

இன்னும் பல பெட்டிகளில் இதே கதைதான். 2011 மேக் மினிக்கு ஆப்பிள் சொன்னது 8 ஜிபி, ஆனால் 16 ஏற்றுக்கொள்ளும். 9-ஆம் தலைமுறை இன்டெல் கோர் பிராசஸர்கள் 2018-ல் வந்தபோது 64 ஜிபி என்றார்கள், 32 ஜிபி ரேம்கள் கடைக்கு வந்ததும் இன்டெல்லே அதை 128 ஆக்கியது. டிடிஆர்5-ல் (ரேமின் ஐந்தாம் தலைமுறை, டிடிஆர்3-ம் 4-ம் அதற்கு முந்தையவை) 128 என்று விற்ற போர்டுகள் பல, 2023-ல் 48 ஜிபி ரேம்கள் வந்த பிறகு பெட்டியை எழுப்பும் போர்டின் உள் மென்பொருளான பயாஸுக்கு ஒரு அப்டேட் போட்டதும் 192-க்குப் போயின.

ஆனால் எல்லாப் பெட்டியும் இப்படி விட்டுக்கொடுக்காது. வரம்பைத் தாண்டிப் போடும் ரேமுக்கு மூன்று பேர் சம்மதிக்க வேண்டும்: மெமரி கன்ட்ரோலர், பயாஸ், அப்புறம் விண்டோஸோ லினக்ஸோ நீங்கள் வைத்திருக்கும் ஓஎஸ். ரேமைப் படித்து எழுதும் மெமரி கன்ட்ரோலர் இன்றைய பெட்டிகளில் பிராசஸருக்குள் இருக்கிறது, 2008-க்கு முந்தைய இன்டெல் பெட்டிகளில் மதர்போர்டின் துணைச் சிப்பான சிப்செட்டில் இருந்தது. இந்த மூவரில் யார் மறுத்தார் என்பதைப் பெரும்பாலும் அறிகுறியே காட்டிக்கொடுத்துவிடும். அதைப் பார்க்காமல் நல்ல ரேமைப் பழுது என்று திருப்பிக் கொடுப்பவர்களையும், நல்ல பெட்டியைக் காயலான் கடைக்கு அனுப்புபவர்களையும் பார்த்தால் எனக்கு மனசு கேட்பதில்லை. அதனால்தான் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் ரேமின் ஸ்டிக்கரைப் படியுங்கள்

பாதிப் பிரச்சினை பெட்டியைத் திறக்கும் முன்பே இங்கே தீர்ந்துவிடும். ரேம் மேல் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் "8ஜிபி 2ஆர்×8 பிசி3-12800யு" என்ற மாதிரி ஒரு வரி ஆங்கிலத்தில் இருக்கும். கடைசியில் வரும் எழுத்துதான் முக்கியம். யு என்றால் சாதாரண டெஸ்க்டாப் ரேம். எஸ் என்றால் லேப்டாப்புக்கானது, அளவே சின்னது, குழப்பம் வராது. ஆர் என்றால் ரெஜிஸ்டர்டு, அதாவது சர்வர் ரேம். இது டெஸ்க்டாப் ஸ்லாட்டில் அழகாக உட்காரும், டிடிஆர்3-லும் டிடிஆர்4-லும் வெட்டுக்கூட அதே இடத்தில்தான் இருக்கும், ஆனால் சாதாரண டெஸ்க்டாப்பில் வேலை செய்யவே செய்யாது. பழைய சர்வர்களிலிருந்து கழற்றிய ரேம்கள் சந்தையில் மிக மலிவாகக் கிடைப்பதால் இதில் மாட்டுபவர்கள் ஏராளம். நானும் ஒருமுறை நாலு ரேம் வாங்கி வந்து இரண்டு நாள் போராடினேன், ஸ்லாட் மாற்றினேன், பயாஸ் பேட்டரியைக் கழற்றினேன், கடைசியில்தான் ஸ்டிக்கரில் அந்த ஆர் கண்ணில் பட்டது.

நடுவில் இருக்கும் 2ஆர்×8-ஐயும் பாருங்கள் (இந்த ஆர் வேறு, ரெஜிஸ்டர்டு இல்லை). பெருக்கல் குறிக்குப் பின் 8 இருந்தால் நல்லது. 4 இருந்தால் அது பெரும்பாலும் சர்வருக்கானது, அல்லது "ஏஎம்டி போர்டுக்கு மட்டும்" என்று இணையத்தில் மலிவாக விற்கும் டிடிஆர்2, டிடிஆர்3 ரேம். அந்த வகை இன்டெல் போர்டில் எழுந்திருக்காது. "பிசி3எல்" என்று எல் சேர்ந்திருந்தால் 1.35 வோல்ட் ரேம், பழைய 1.5 வோல்ட் போர்டிலும் அது ஓடும், பயம் வேண்டாம்.

அடுத்தது சிப்பின் கொள்ளளவு. ரேமின் இரண்டு பக்கமும் இருக்கும் கறுப்புச் சிப்களை எண்ணுங்கள். 8 ஜிபி ரேமில் 16 சிப் இருந்தால் ஒரு சிப்புக்கு அரை ஜிபி, அதாவது 4 ஜிகாபிட். அதே 8 ஜிபி வெறும் 8 சிப்பில் இருந்தால் ஒன்றுக்கு 8 ஜிகாபிட். மெமரி கன்ட்ரோலருக்கு உண்மையில் இந்த எண்தான் வரம்பு, மொத்த ஜிபி அதிலிருந்து வருவதுதான். இன்டெலின் 2, 3, 4-ஆம் தலைமுறை கோர் பிராசஸர்களுக்கு டிடிஆர்3-ல் 4 ஜிகாபிட் வரை தெரியும், அதனால்தான் அவற்றில் ஒரு ஸ்லாட்டுக்கு 8 ஜிபி. அதற்கும் முந்தைய ஜி41 சிப்செட் போர்டுகளில் டிடிஆர்3 போட்டால் 2 ஜிகாபிட்தான் எல்லை. ஆக 16 சிப் வைத்த 4 ஜிபி ரேம் ஏறும், 8 சிப் வைத்த புதிய 4 ஜிபி ரேம் ஏறாது. இரண்டும் 4 ஜிபிதான், விலையும் ஏறக்குறைய ஒன்றுதான், கடைக்காரருக்கே பல நேரம் இந்த வித்தியாசம் தெரியாது.

இன்னொன்று. ஏதாவது மென்பொருள் "இந்தக் கணினியின் உச்ச வரம்பு 16 ஜிபி" என்று காட்டினால் அதை வேதவாக்காக எடுத்துக்கொள்ளாதீர்கள். லினக்ஸில் டிமிடிகோட் காட்டும் எண்ணும் சரி, விண்டோஸ் கட்டளைகள் காட்டும் எண்ணும் சரி, பயாஸ் எழுதியவர் அன்று பதிந்து வைத்த எண்தான், அளந்து பார்த்துச் சொல்வதில்லை. பிராசஸரின் மாடல் எண்ணைப் போட்டு இன்டெல் அல்லது ஏஎம்டி தளத்தில் அதிகபட்ச நினைவகம் என்ன என்று பாருங்கள், அதை ஸ்லாட் எண்ணிக்கையோடு சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

சரி, இனி அறிகுறிகளுக்கு வருவோம். ஒவ்வொன்றுக்கும் பொதுவாக ஒரே ஒரு விதி: பவர் கார்டைச் சுவரிலிருந்து உருவிவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். பெட்டியின் பவர் பட்டனால் மட்டும் அணைத்தால் போர்டில் ஸ்டாண்ட்பை மின்சாரம் ஓடிக்கொண்டே இருக்கும், அந்த நிலையில் ரேமைச் செருகினால் ரேமும் போகலாம், போர்டும் போகலாம். உருவிய பிறகு பவர் பட்டனைச் சில விநாடி அழுத்திப் பிடித்து மிச்ச மின்சாரத்தையும் வடித்துவிடுங்கள், கேபினெட்டின் பெயின்ட் இல்லாத இரும்பைத் தொட்டுவிட்டு வேலையை ஆரம்பியுங்கள்.

ஃபேன் சுற்றுகிறது, டிஸ்ப்ளே வரவில்லை

இதுதான் எல்லோரையும் பதற வைப்பது. முதலில் பழைய ரேமைத் திரும்பப் போட்டுப் பாருங்கள். டிஸ்ப்ளே வந்துவிட்டால் எதுவும் எரிந்து போகவில்லை, நிதானமாகத் தேடலாம். பழைய ரேமிலும் வரவில்லை என்றால் ரேமின் கொள்ளளவை மறந்துவிடுங்கள், கை பட்டு வேறு ஏதோ கழன்றிருக்கிறது. பெரும்பாலும் பிராசஸருக்கான 4 அல்லது 8 பின் பவர் ஒயர், இல்லையென்றால் கிராபிக்ஸ் கார்டு.

பழையதில் வருகிறது, புதியதில் வரவில்லை என்றால் புதிய ரேம்களில் ஒன்றை மட்டும் எடுத்து, கையேடு முதல் ஸ்லாட் என்று குறிப்பிடும் இடத்தில் செருகுங்கள். நாலையும் ஒன்றாகப் போட்டுச் சோதிப்பதில் எந்தப் பயனும் இல்லை. செருகும்போது இரண்டு முனையிலும் கிளிக் சத்தம் கேட்க வேண்டும், நாம் நினைப்பதைவிடச் சற்று அதிகமாகவே அழுத்த வேண்டியிருக்கும். சில போர்டுகளில் ஒரு பக்கம்தான் லாக் இருக்கும், லாக் இல்லாத முனை பாதி ஏறிய நிலையில் பார்க்கச் சரியாகவே தெரியும், விரலால் தடவிப் பாருங்கள். செகண்ட் ஹேண்ட் ரேம் என்றால் தங்க நிறத் தொடுமுனைகளை வெள்ளை அழிரப்பரால் மெதுவாகத் தேய்த்து, துகளைத் துடைத்துவிட்டுப் போடுங்கள். சின்ன வேலையாகத் தோன்றும், ஆனால் நான் பார்த்த "ரேம் போச்சு" கேஸ்களில் பலவும் இதிலேயே சரியாகியிருக்கின்றன.

டிடிஆர்5 பெட்டி என்றால் கையைக் கட்டிக்கொண்டு காத்திருங்கள். ரேமை மாற்றிய பிறகு முதல் முறை ஆன் செய்யும்போது போர்டு ஒவ்வொரு ரேமுக்கும் நேர அளவுகளைத் தானே அளந்து பழகிக்கொள்கிறது. 4 ரேம் போட்ட ரைசன் 7000 பெட்டியில் இதற்குச் சில நிமிடம் பிடிக்கும், அதுவரை திரை கறுப்புதான். இடையில் பவரை அணைத்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். பத்துப் பதினைந்து நிமிடம் விட்டுப் பார்க்காமல் எந்த முடிவுக்கும் வராதீர்கள்.

அப்படியும் வரவில்லையா, பயாஸை ரீசெட் செய்யுங்கள். பவர் கார்டை உருவி, போர்டில் இருக்கும் காசு போன்ற பேட்டரியைக் கழற்றி, ஐந்து நிமிடம் கழித்துப் போட வேண்டும். அடுத்தது பயாஸ் அப்டேட். வரம்பு தாண்டும் விஷயத்தில் இதுதான் பல பெட்டிகளுக்கு உண்மையான மருந்து, ஏனென்றால் பெரிய சிப்களை எப்படிக் கையாள்வது என்ற பாடம் பயாஸுக்குள்தான் இருக்கிறது. கட்டாயமாகப் பழைய ரேமில் பூட் செய்துதான் அப்டேட் போட வேண்டும், யூபிஎஸ் இல்லாமல் போடக் கூடாது. நடுவில் கரன்ட் போனால் போர்டே போய்விடும், நம் ஊர் கரன்ட்டை நம்பி அந்த ஆபத்தை ஏன் எடுக்க வேண்டும்?

இத்தனையும் செய்து, ஒற்றை ரேமிலும், எந்த ஸ்லாட்டிலும், புதிய பயாஸிலும் திரை வரவில்லை என்றால் ஸ்டிக்கர் கணக்குக்குத் திரும்புங்கள். ஆர் வகையாக இருக்கும், ×4-ஆக இருக்கும், இல்லை சிப்பின் கொள்ளளவு கன்ட்ரோலரின் எல்லையைத் தாண்டியிருக்கும். அந்த ரேம் இன்னொரு பெட்டியில் நன்றாக ஓடும், அதைப் பழுது என்று சொல்ல முடியாது.

பீப் சத்தம் வருகிறது

பீப் வருவது நல்ல செய்தி, பிராசஸரும் பயாஸும் உயிரோடு இருக்கின்றன என்று அர்த்தம். எத்தனை பீப் என்றால் என்ன என்பது பயாஸுக்குப் பயாஸ் மாறும், அதனால் உங்கள் மாடலின் கையேட்டைப் பார்த்துதான் சொல்ல வேண்டும். நிற்காமல் திரும்பத் திரும்ப அடிக்கும் நீளமான பீப் பெரும்பாலும் ரேமைக் காணவில்லை அல்லது படிக்க முடியவில்லை என்பதுதான். அலுவலக மாடல்களில் பவர் லைட் மினுக்கும் எண்ணிக்கையோ, முன்பக்க விளக்குகளோ இதே வேலையைச் செய்யும். இதற்கு மேல் இதில் தோண்ட வேண்டாம், மேலே சொன்ன ஒற்றை ரேம் சோதனைக்கே போங்கள்.

நினைவகத்தின் அளவு மாறிவிட்டது என்று திரையில் எச்சரிக்கை

இது பிழை இல்லை. புதிய ரேமைப் பார்த்ததும் பயாஸ் உங்களிடம் உறுதி கேட்கிறது, அவ்வளவுதான். செட்டப்புக்குள் போய் சேவ் செய்து வெளியே வந்தால் அடுத்த முறை வராது. ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் வந்தால் இரண்டு காரணம் இருக்கலாம். போர்டு பேட்டரி தீர்ந்திருக்கும், தேதியும் சேர்ந்து தவறாகக் காட்டினால் அதுதான், புதிதாக ஒன்று மாற்றுங்கள். தேதி சரியாக இருந்தும் வந்தால் ஏதோ ஒரு ரேம் சரியாக உட்காராமல் ஒருநாள் தெரிகிறது, ஒருநாள் தெரியவில்லை.

பயாஸில் பாதி ரேம்தான் தெரிகிறது

இதில் இரண்டு வகை உண்டு, பிரித்துப் பார்க்க வேண்டும்.

ஒரு வகை, ஒவ்வொரு ரேமும் தன் அளவில் பாதியாகத் தெரிவது. இது மிகப் பழைய பெட்டிகளின் குணம். 440பிஎக்ஸ் சிப்செட் காலத்திலேயே கொள்ளளவு கூடிய சிப் வைத்த 256 எம்பி ரேமைச் செருகினால் 128 என்று காட்டும். சிப்பின் முகவரியில் கடைசி ஒரு கோட்டைக் கன்ட்ரோலரால் எட்ட முடியவில்லை, அதனால் பாதி இடம் அதற்கு இல்லாத மாதிரியே. இதற்கு மருந்து கிடையாது, கொள்ளளவு குறைந்த சிப் அதிகமாக வைத்த ரேமைத் தேட வேண்டியதுதான்.

மற்ற வகை, இரண்டு ஸ்லாட்டில் இருப்பது முழுதாகத் தெரிந்து, மீதி இரண்டு ஸ்லாட் காலி என்று காட்டுவது. எந்த ரேமைப் போட்டாலும் அதே இரண்டு ஸ்லாட்தான் காணாமல் போகிறது என்றால் ரேமைச் சந்தேகிக்காதீர்கள். பிராசஸருக்கும் ரேமுக்கும் இடையே பாதைகள் இரண்டு, அவற்றை சேனல் என்பார்கள், ஒரு சேனல் முழுதாகவே போயிருக்கிறது. அந்தப் பாதை பிராசஸரின் அடியில் இருக்கும் மெல்லிய பின்கள் வழியாகத்தான் போகிறது. ஒரு பின் வளைந்திருந்தாலும், தூசி ஒட்டியிருந்தாலும், ஏன், கூலரின் நாலு திருகில் ஒரு பக்கம் மட்டும் அதிகமாக இறுகியிருந்தாலும்கூட இப்படி ஆகும்.

எனக்கு நடந்தது இந்தத் திருகு விவகாரம்தான். ரேம் ஏற்றும்போது கையோடு தெர்மல் பேஸ்ட்டும் மாற்றிவிடலாம் என்று கூலரைக் கழற்றிப் போட்டேன். 32-க்குப் பதில் 16 தெரிந்தது. கையேட்டில் இருந்த 16 என்ற எண்ணும் இதுவும் ஒன்றாக இருந்ததால் வரம்பு உண்மைதான் போல என்று ஒரு வாரம் நம்பிக்கொண்டிருந்தேன். அப்புறம் கூலரைத் தளர்த்தி, எதிரெதிர் மூலையாக மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கியதும் 32 வந்தது. அதிலிருந்து ஒரு நாளில் ஒரு மாற்றம்தான். ரேம் மாற்றுகிற அன்று வேறு எதையும் தொடுவதில்லை.

வளைந்த பின்னை நிமிர்த்தப் போகிறீர்கள் என்றால் நல்ல வெளிச்சமும் உருப்பெருக்கிக் கண்ணாடியும் வேண்டும், கை நடுங்கக் கூடாது. பழக்கம் இல்லையென்றால் போர்டு சர்வீஸ் செய்பவரிடம் கொடுத்துவிடுங்கள்.

பயாஸில் முழுதாக இருக்கிறது, விண்டோஸில் குறைவாகக் காட்டுகிறது

கன்ட்ரோலரும் பயாஸும் சம்மதித்துவிட்டார்கள், மறுப்பது விண்டோஸ். வன்பொருளில் கை வைக்க வேண்டியதே இல்லை.

32-பிட் விண்டோஸ் என்றால் 4 ஜிபிக்கு மேல் ஏறாது, அதிலும் கையில் கிடைப்பது மூன்றேகால் வாக்கில்தான் இருக்கும். 64-பிட்டுக்குப் போவதைத் தவிர வேறு வழி இல்லை. 64-பிட்டிலும் பதிப்பைப் பொறுத்து வரம்பு உண்டு. விண்டோஸ் 7 ஹோம் பேசிக்கில் 8 ஜிபி, ஹோம் பிரீமியத்தில் 16, புரொஃபஷனலிலும் அல்டிமேட்டிலும் 192. 32 ஜிபி போட்டுச் சரியாக 16 மட்டும் பயன்படுகிறது என்றால் ஹோம் பிரீமியமா என்று முதலில் பாருங்கள். விண்டோஸ் 10, 11 ஹோம் பதிப்புகள் 128 ஜிபி வரை போகும், அதனால் சாதாரணமாக அங்கே இது தடை ஆகாது.

பதிப்பு சரி என்றால் ரன் பெட்டியில் எம்எஸ்கான்ஃபிக் என்று ஆங்கிலத்தில் தட்டி, பூட் பக்கத்தில் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸுக்குள் போங்கள். அங்கே மேக்ஸிமம் மெமரி என்ற கட்டத்தில் டிக் இருந்தால் எடுத்துவிட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள். "இதை டிக் செய்து அதிக எண் போட்டால் வேகம் கூடும்" என்று சுற்றிக்கொண்டிருக்கும் ஆலோசனை முழுக்கத் தவறு. அந்த டிக் ரேமைக் குறைப்பதற்கானது, கூட்டுவதற்கானது அல்ல.

டாஸ்க் மேனேஜரில் ஹார்டுவேர் ரிசர்வ்டு என்று சில நூறு எம்பி காட்டினால் அது பிராசஸரோடு வரும் கிராபிக்ஸ் எடுத்துக்கொண்டது, இயல்பு. ஜிபி கணக்கில் காட்டினால் பயாஸில் மெமரி ரீமேப் என்ற அமைப்பைத் தேடி எனேபிள் செய்யுங்கள். 945 சிப்செட் போர்டுகளில் இந்த அமைப்பைத் தேடி அலைய வேண்டாம். அந்த சிப்செட்டால் 4 ஜிபிக்கு மேல் முகவரி கொடுக்கவே முடியாது, மற்ற கருவிகளுக்கும் அதே 4 ஜிபிக்குள்தான் இடம் ஒதுக்க வேண்டும், அதனால் 64-பிட் விண்டோஸ் போட்டாலும் முழு 4 ஜிபி கைக்கு வராது.

எல்லாம் வந்துவிட்டது, ஆனால் புளூ ஸ்கிரீன், ஹேங், ஃபைல் கெடுகிறது

எனக்கு மிகவும் பயம் தரும் அறிகுறி இது. டிஸ்ப்ளே வராத பெட்டியால் உங்கள் தரவுக்கு ஆபத்து இல்லை. ஓடிக்கொண்டே தவறு செய்யும் ரேம் அப்படி இல்லை. நீங்கள் காப்பி செய்யும் ஒவ்வொரு ஃபைலும் ரேம் வழியாகத்தான் போகிறது, வழியில் ஒரு பிட் புரண்டால் கெட்ட ஃபைல் நல்ல ஃபைல் மாதிரியே டிஸ்கில் போய் உட்கார்ந்துகொள்ளும். சாதாரண டெஸ்க்டாப்பில் இதைக் கண்டுபிடிக்கும் ஈசிசி வசதி கிடையாது. ஒருமுறை குடும்பப் படங்களை ஜிப் செய்து வைத்தேன், ஒரு மாதம் கழித்துத் திறந்தால் பாதியில் பிழை காட்டியது. நல்லவேளை, மூலப் படங்களை அழிக்காமல் வைத்திருந்தேன். புதிய ரேம் போட்டால் சோதனை முடியும் வரை முக்கியமான எதையும் அந்தப் பெட்டியில் நகர்த்தாதீர்கள், பேக்கப்கூட எடுக்காதீர்கள். எடுக்க வேண்டியதைப் பழைய ரேம் இருக்கும்போதே எடுத்துவிடுங்கள்.

சோதனைக்கு மெம்டெஸ்ட்86 பிளஸ் போதும், இலவசம். பென் டிரைவில் ஏற்றி, அதிலிருந்து பூட் செய்ய வேண்டும், விண்டோஸ் தேவையில்லை. விண்டோஸுக்குள்ளேயே இருக்கும் மெமரி சோதனை அவசரத்துக்கு ஓகே, ஆனால் அது விட்டுவிடும் பிழைகளை இது பிடிக்கும். 32 ஜிபி டிடிஆர்3-க்கு ஒரு சுற்று முடியவே மணிக்கணக்கில் ஆகும், ராத்திரி ஓடவிட்டுக் காலையில் பாருங்கள், குறைந்தது நாலு சுற்று. இதில் "ஒரே ஒரு பிழைதானே" என்ற பேச்சுக்கே இடமில்லை. பூஜ்யம்தான் தேர்ச்சி.

பிழை வந்தால் எல்லா ரேமையும் கழற்றி, ஒரே ஸ்லாட்டில் ஒவ்வொரு ரேமாக ஓட்டுங்கள். ஒன்று மட்டும் பிழை காட்டினால் அதுதான் குற்றவாளி, மாற்றி வாங்குங்கள். எல்லா ரேமும் அந்த ஸ்லாட்டில் தேறிவிட்டால் நல்லது என்று தெரிந்த ஒரு ரேமை ஒவ்வொரு ஸ்லாட்டாக மாற்றிப் பாருங்கள், ஸ்லாட் பழுது வெளியே வந்துவிடும். ஸ்லாட்டும் தேறி, ரேமும் தனித்தனியாகத் தேறி, நாலும் சேர்ந்தால் மட்டும் பிழை வருகிறதா? அதுதான் வரம்பு தாண்டியதன் உண்மையான விலை. நாலு ஸ்லாட்டும் நிறைந்து, ஒவ்வொன்றிலும் இரண்டு பக்கமும் சிப் என்றால் கன்ட்ரோலர் இழுக்க வேண்டிய சுமை கூடுகிறது. பயாஸில் ரேமின் வேகத்தை ஒரு படி இறக்குங்கள், 1600 என்றால் 1333, 1333 என்றால் 1066. ரேமை வழக்கத்தைவிட வேகமாக ஓட்டும் எக்ஸ்எம்பி அமைப்பு ஆனில் இருந்தால் ஆஃப் செய்யுங்கள். இந்த அமைப்பு எதுவும் இல்லாத அலுவலகப் பெட்டி என்றால் நாலு ரேமையும் ஒரே கம்பெனி, ஒரே மாடல், ஒரே சிப் எண்ணிக்கையாக மாற்றிப் பாருங்கள், ஆளுக்கொரு கம்பெனி கலந்த கூட்டணிகளில்தான் இந்தத் தொல்லை அதிகம்.

கேமிங் ரேம்களில் 1.65 வோல்ட் என்று போட்ட டிடிஆர்3 ரேம்கள் உண்டு. 2-ஆம் தலைமுறையிலிருந்து இன்டெல் பரிந்துரைப்பது 1.5 வோல்ட், ஐந்து சதவீதம் கூடலாம் குறையலாம். 1.65 அதற்கு வெளியே இருக்கிறது. ரேம் ஏறவேண்டும் என்று வோல்ட்டேஜைக் கூட்டினால் தேய்வது ரேம் இல்லை, பிராசஸருக்குள் இருக்கும் கன்ட்ரோலர். அதைச் செய்யாதீர்கள்.

வேகம் குறைவாகக் காட்டுகிறது

1600 ரேம் வாங்கினேன், 1333 காட்டுகிறது என்றால் அது பிராசஸரின் எல்லை, ஐ5-2400-க்கு 1333தான். சிபியு-இசட் மென்பொருள் 665 மெகாஹெர்ட்ஸ் என்று காட்டினால் இரண்டால் பெருக்கிக்கொள்ளுங்கள், அதுவும் 1333தான். 8 ஜிபியோடு 4 ஜிபி கலந்திருந்தால் இரண்டிலும் 4, 4 இரட்டைப் பாதையில் ஓடும், மிஞ்சிய 4 மட்டும் ஒற்றைப் பாதை, பெரிய பாதகம் இல்லை.

டிடிஆர்5-ல் இந்த இறக்கம் கண்கூடாகத் தெரியும். ரைசன் 7000-க்கு ஏஎம்டி சொல்வதே இரண்டு ரேம் போட்டால் 5200, நாலு போட்டால் 3600. அதனால் புதிய பெட்டியில் 96 ஜிபி வேண்டுமென்றால் நாலு 24-ஐவிட இரண்டு 48 வாங்குங்கள்.

ரேம் கூட்டியதும் சி டிரைவில் இடம் போய்விட்டது, அல்லது ஸ்லீப்பிலிருந்து எழவில்லை

முதலாவது பலருக்கும் புரியாத புதிர். விண்டோஸ் 10-ல் ஹைபர்னேட் ஃபைல் (அணைக்கும் முன் ரேமில் இருப்பதை டிஸ்கில் சேமித்து வைப்பது), ரேமில் 40 சதவீத அளவுக்கு இடம் எடுத்துக்கொள்ளும், 32 ஜிபிக்கு அது ஏறக்குறைய 13 ஜிபி. ரேம் போதாதபோது டிஸ்கில் உதவிக்கு நிற்கும் பேஜ் ஃபைலும் ரேமை ஒட்டி வளரும். 120 ஜிபி எஸ்எஸ்டியில் இது பெரிய அடி. ஹைபர்னேட்டை ஆஃப் செய்தால் அந்த இடம் உடனே திரும்பிவிடும், கூடவே ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பும் போகும், எஸ்எஸ்டி இருக்கும் பெட்டியில் அது ஒரு குறையாகத் தெரியாது.

ஸ்லீப்பில் போட்ட பெட்டி திரும்ப எழாமல் முதலிலிருந்து பூட் ஆனால், முதலில் பயாஸ் அப்டேட், அப்புறம் பெட்டிக்கு மின்சாரம் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ். தூங்கும்போது ரேமுக்கு உயிர் கொடுப்பது எஸ்எம்பிஎஸ்ஸின் ஸ்டாண்ட்பை 5 வோல்ட் மட்டும்தான். பத்து வருடம் ஓடிய எஸ்எம்பிஎஸ்ஸில் அது தளர்ந்திருந்தால் இரண்டு ரேம் இருந்தபோது தாக்குப்பிடித்தது நாலு ரேமில் தாங்காமல் போகும்.

எதைச் செய்தாலும் ஏறவில்லை

அப்படியானால் அது மெய்யான வரம்புதான். 4-ஆம் தலைமுறை இன்டெல் வைத்த, இரண்டே ஸ்லாட் உள்ள எச்81 போர்டில் 16 ஜிபிதான் உச்சம். டிடிஆர்3-ல் 16 ஜிபி டெஸ்க்டாப் ரேம் என்று ஒன்று இருக்கத்தான் செய்கிறது, ஆனால் அதற்கு 8 ஜிகாபிட் சிப் வேண்டும், அதைப் படிக்க 5-ஆம் தலைமுறை பிராசஸர் வேண்டும். எந்தப் பயாஸும் அதை மாற்றாது. ஜி41-க்கு 8 ஜிபியோடு முடிந்தது.

சந்தேகமாக இருக்கும் மாடலுக்கு ரேம் வாங்கப் போகிறவர்கள் முடிந்தால் பெட்டியையே தூக்கிக்கொண்டு போங்கள். சென்னையில் ரிச்சி தெரு மாதிரி இடங்களில் கடை வாசலிலேயே செருகிப் பார்த்துவிட்டுப் பணம் கொடுக்கலாம். இணையத்தில் வாங்கினால் ஸ்டிக்கர் தெளிவாகத் தெரியும் படமும், இரண்டு பக்கச் சிப்களும் தெரியும் படமும் கேட்டு வாங்குங்கள், கொடுக்க மறுப்பவரிடம் வாங்காதீர்கள். டிடிஆர்3 பெட்டியில் 32 ஜிபி நிரப்பிய பிறகும் போதவில்லை என்றால் அதற்கு மேல் அந்தப் பெட்டிக்கு ஒரு ரூபாயும் போடாதீர்கள், அடுத்த பெட்டி டிடிஆர்4 அல்லது 5-ஆக இருக்கும், இந்த ரேமில் ஒன்றுகூட அங்கே செருகாது.